மலையடிவார அலை இழப்பும் இயந்திரக் கற்றலும்: கூடலூர் நிலப்பரப்பை முன்வைத்து

கோபுரத்திலிருந்து புறப்படும் வானலை கைப்பேசியை அடைவதற்குள் எவ்வளவு வலுவிழக்கும் என்பதைக் கணிப்பது கம்பியில்லாத் தகவல்தொடர்பின் அடிப்படைப் பணியாகும். டோக்கியோ வட்டார அளவீடுகளை ஒக்குமுரா 1968இல் வெளியிட்டார். அவற்றை ஹாட்டா 1980இல் சூத்திரமாக்கினார். 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்குரிய அவ்வடிப்படைச் சூத்திரம் ஏறத்தாழச் சமமான நிலத்தையே கருதியது.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியிலுள்ள கூடலூரில் அது முழுமையாகப் பொருந்துவது அரிது. ஊரையடுத்து வயலும் தென்னந்தோப்பும் சமதளமாகக் கிடக்கின்றன. லோயர் கேம்ப்பைக் கடந்தால் குமுளி மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. அங்கே பாறைச்சரிவு அலையை மறைக்கிறது, முகடு வளைக்கிறது, எதிர்ச்சரிவு திருப்பி அனுப்புகிறது. மழையில் நனைந்த இலைகளோ உறிஞ்சிக்கொள்கின்றன. இத்தனையையும் ஒரே சூத்திரத்தில் அடக்குவது கடினம். நில உயரம், மர அடர்த்தி, கோபுரத் தொலைவு ஆகியவற்றை உள்ளீடாகவும் அளந்த அலைவலிமையை விடையாகவும் கொடுத்தால், நரம்பணு வலையமைப்பு அவற்றிடையேயான உறவைத் தானே கற்றுக்கொள்ளும்.

சிக்கல் சோதிக்கும் முறையில் உள்ளது. இச்சாலையில் வாகனத்தில் சென்று அளந்தால், ஒரே குன்றின் மறைவிலுள்ள அடுத்தடுத்த புள்ளிகள் ஏறத்தாழ ஒரே மதிப்பைத் தரும். அவற்றைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்றி மறுபகுதியில் சோதித்தால், மாதிரி அண்டைப் புள்ளியை நினைவுகூர்ந்தே தேறிவிடும். வினாத்தாளை முன்பே பார்த்தவன் பெறும் மதிப்பெண்தான் அது. அவ்வாறு தேறிய வரைபடம் இணைப்பு உண்டெனக் காட்டும் வளைவில் விபத்து நேர்ந்தால், 108 அழைப்பு போகாமற்போகலாம்.

ஆகவே சாலையின் ஒரு முழுப் பகுதியையே பயிற்சியிலிருந்து விலக்கிவைத்துச் சோதித்தல் வேண்டும். பிழை கூடுதலாகவே வெளிப்படும். கோபுரத்திற்கு இடம் தேர்வோருக்குத் தேவையான எண் அதுவே.