ஏவலும் கூற்றும்

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பயில்வோர் முதலிற் கப்பலைக் காண்பதில்லை. நிலத்து ஓடுபாதையிற் கப்பற்றளம் போலக் கோடு கீறி, அதன்மேற் பன்முறை இறங்கிப் பழகுவர். இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கர், சிக்காக்கோவை அடுத்த மிச்சிகன் ஏரியிற் பழைய சக்கரக் கப்பல்கள் இரண்டுக்குத் தளம் அமைத்து, 'வுல்வரின்', 'சேபிள்' எனப் பெயரிட்டு, 17,000க்கு மேற்பட்ட விமானிகளைப் பயிற்றினர். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் ஏரியில் வீழ்ந்தன.

பறக்கக் கற்றே வந்த அவ்விளைஞர் அங்குக் கற்றது, பிறர் கைக்குறிக்குப் பணிதலை. இறங்கும் வேளையில் விமானத்தின் நீண்ட மூக்கே முன்னுள்ளதை மறைத்துவிடும். தளத்தின் பின்முனையில் இரு கைகளிலும் துடுப்பேந்தி நிற்கும் அலுவலரே விமானிக்குக் கண். அவர் குறி காட்டியதும் எஞ்சின் விசையை அறுத்தல் வேண்டும். வாற்கொக்கி குறுக்குக் கம்பியைப் பற்றிக்கொள்ளும். விலகுக எனக் காட்டின், மறுபேச்சின்றி மேலெழுதல் வேண்டும்.

இலக்கணம் பயில்வோர்க்கும் இங்கு ஒரு செய்தியுண்டு. அமெரிக்க அலுவலர் கைகளை உயர்த்தினால், 'நீ உயர்ந்து வருகின்றாய்' என்பது பொருள். பிரித்தானியர் உயர்த்தினாலோ, 'உயர்க' என்பது பொருள். முன்னது கூற்று, பின்னது ஏவல். ஒரே குறிக்கு ஒருவன் தாழ்வான், மற்றவன் எழுவான்! இரு கடற்படைகளும் சேர்ந்து பொருத காலத்தில் இம்மயக்கம் உயிரையே வாங்கவல்லது. ஈற்றில் ஏவலைக் கைவிட்டவர் பிரித்தானியரே.

1950களில் ஆடியும் விளக்கும் வந்து துடுப்பை அகற்றின. ஆயினும் அமெரிக்கக் கப்பல்களில் அவ்வலுவலர் இன்றும் நிற்கின்றார். விமானிகள் அவரை அழைக்கும் பெயர் 'துடுப்பு' என்பதே.