மடியில் கனமா? வழியில் பயம் வேண்டாம்!

மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயம் இல்லை என்பார்கள். ஆனால் மடியில் கனத்தோடு கடலையே தாண்டியவர்கள் அல்லவா நம் பெரியவர்கள்! அந்தக் கனத்தைக் காத்துக் கொடுத்தது எது தெரியுமா? இடுப்பைச் சுற்றிய பச்சை பெல்ட்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடச் சட்டமே இடம் தருகிறது. எந்த உறை இடுப்பில் உறுத்தாது என்று அங்கே தேடித் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டில் அந்தப் பேச்சே ஆகாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. நம்மவர் இடுப்பில் மறைத்தது ஆயுதம் அல்ல. வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி.

பினாங்கில் சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். கைலி, அதன்மேல் அகலமான பச்சை பெல்ட். அதில் பொத்தான் வைத்த பைகள். நோட்டு, சாவி, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். 1973வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய ‘ராஜுலா’ கப்பலில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணிக்குப் பூட்டி வைக்க அறை ஏது? இடுப்புதான் இரும்புப் பெட்டி!

இன்றும் ஊருக்குப் போகிறவர்களுக்கும், தைப்பூசக் கூட்டத்துக்குப் பினாங்கு வருகிறவர்களுக்கும் இடுப்புப் பை உதவும். வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள்.

பெல்ட் அகலமாக இருக்கட்டும். ஒல்லியான வார் கனத்தைத் தாங்காமல் சதையில் வெட்டும். நின்று அளந்தால் போதாது. உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். உட்காரும்போது வயிறு விரியும். கட்டியபின் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். பை தொப்புளுக்கு நேரே இருந்தால் குனியும்போது குத்தும். முதுகுப்பக்கம் இருந்தால் திருடனுக்கு வசதி. முன்பக்கம், சற்றே ஓரமாக இருப்பதே நல்லது.

நம் வெயிலில் தோல் நேரே உடம்பில் பட்டால் வியர்க்குரு வரும்; சிவந்து புண்ணாகும். உள்பக்கம் பருத்தித்துணி வைத்ததாகப் பாருங்கள். நோட்டையும் பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மேலே தளர்ந்த சட்டை போட்டால் புடைப்புத் தெரியாது.

பெண்களுக்கு என்ன வழி? பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான் வழிகாட்டி. உள்பாவாடையின் உள்பக்கம் ஒரு சிறு பை தைத்து, வாயை மடித்துப் பொத்தான் வைத்துவிட்டால் போதும். தையல் தெரிந்த தங்கைமாருக்கு அரைமணி நேர வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பார்க்க இடுப்புப் பையைத் திறந்தால், மறைத்ததன் பயன் போச்சு. அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் ஆபத்து. உங்கள் கையே திருடனுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்!

அந்தக் காலத்தில் பலருடைய சேமிப்பு இடுப்பில் இருந்தது. 1974இல் தேசிய சேமிப்பு வங்கி வந்தது. இன்று சம்பளமே வங்கிக்குப் போகிறது. பெருந்தொகை அங்கேயே இருக்கட்டும். வழிச்செலவுக்கு வேண்டியது மட்டும் மடிக்கு வரட்டும். கனம் குறைந்தால் பயமும் குறையும், இடுப்பும் நோகாது!