ஏற்றத்துக்கு ஒரு கார்

1975இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரியதுரை ஊருக்குப் புறப்பட்டபோது, பங்களாச் சாமான்களோடு அவருடைய ஆஸ்டின் ஏ40 காரும் விலைக்கு வந்தது. 1972இல் தொடங்கிய காணிச் சீர்திருத்தம் அந்த வருடம் கம்பெனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியிருந்தது. மலை முழுக்கத் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். காரைப் பார்க்க ஹட்டன் பஜாரிலிருந்து ஒரு கடை முதலாளி வந்தார். அவர் பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, கையில் துடைக்கிற துணியோடு ஓரமாக நின்ற டிரைவரைக் கூப்பிட்டு, “ஓட்டினவன் நீதானே, சொல்லு” என்றார்.

டிரைவர் சொன்னார். மூன்றாம் கியர் சில நேரம் நழுவும். மழை நாளில் பின் பிரேக் தாமதித்துத்தான் பிடிக்கும். எஞ்சினில் குறை இல்லை. துரை பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார், துரையும் மறுக்கவில்லை. விலை கொஞ்சம் இறங்கியது, பதிவுப் புத்தகம் கைமாறியது, அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. முதலாளி டிரைவருக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார். அந்த டிரைவர் என் மாமா.

போன வருடம் மாமாவின் பேரன் ஒரு கார் வாங்கினான். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., 1990களின் கடைசியில் ஜப்பானில் செய்தது. டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. கத்தாரில் நான்கு வருடம் கராஜ் வேலை செய்துவிட்டு வந்து, கொட்டகலையில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டிருக்கிறான். காரைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போனபோது தாத்தாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். காலை ஏழரை மணி, புல்லில் பனி. விற்கிறவர் சிரித்த முகத்தோடு கேட்டைத் திறந்தார். பையன் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய் பொனட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

“சூடா இருக்குண்ணே. ஆறட்டும், நாங்க டீ குடிச்சிட்டு வாறோம்.”

அவர் முகத்தில் சிரிப்பு சற்றுக் குறைந்தது. குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை உயிர் பெறும்போதுதான் தன் நோயைச் சொல்லும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும். டவுனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். “எங்க காலத்துல டிரைவரக் கேட்டா முடிஞ்சுது” என்று மாமா இரண்டு தடவை சொன்னார். பேரன் பதில் சொல்லவில்லை. கேட்பதற்கு டிரைவர் ஏது? இந்தக் கார் ஆறாவது கையில் இருக்கிறது. முதல் கை ஜப்பானில், பெயர் தெரியாத யாரோ.

மாமா ஓட்டிய ஏ40க்கு 1,200 சி.சி., நாற்பது சொச்சம் குதிரைத்திறன். அதுவும் கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சாதாரண எஞ்சின் மூச்சிழுக்கிற அளவும் அந்தப் பங்கே. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறி ஹட்டனுக்கு வருவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கும். மாமா எந்த வளைவில் எந்தத் தண்ணீர்ப் பீலி இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தார். பின் சீட்டுக்கடியில் ஒரு தகரக் கேன். பீலியில் பிடித்து, எஞ்சின் ஆறும்வரை நின்று, ஊற்றிவிட்டு மறுபடி ஏறுவார். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் சக்கரத்துக்கடியில் கல்லும் சாக்கும்.

இம்ப்ரெசாவுக்கு 1,994 சி.சி., 280 குதிரைத்திறன். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால், மலையின் மெல்லிய காற்று அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஈரத் தார் ரோட்டில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றவை இழுத்துக்கொள்ளும். உலக ராலிப் போட்டிக்காகச் செய்த சாதி இது. 1995இல் கொலின் மக்ரே சுபாருவில் உலகப் பட்டம் வென்றார், 1996இலிருந்து தொடர்ந்து நான்கு வருடம் டொமி மாக்கினென் மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனில். சுபாரு, லான்சர் என்ற இரண்டு பெயரும் எங்கள் கராஜ்களில் அரசியல் கட்சிகளைப்போல. ஒன்றில் சேர்ந்தவன் மற்றதன் பக்கம் போகமாட்டான்.

ஓட்டப் போட்டி இங்கே புதிதில்லை. நுவரெலியாவை ஒட்டிய மாகஸ்தோட்டைத் தோட்டத்துப் பாதையில் 1934இலிருந்து மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கிறது. அன்று ஓட்டியவர்கள் துரைமாரும் கொழும்புச் சீமான்களும்; எங்கள் தோட்டத்து ஆட்கள் தேயிலைக்குள் கரையேறி நின்று பார்த்தார்கள். இன்றும் ஏப்ரலில் கரையில் நிற்கிறார்கள். ஆனால் கீழே எஞ்சினுக்குள் கையை விட்டு நிற்கிற பையன்களில் லயத்துப் பிள்ளைகளும் உண்டு. ஸ்டியரிங்கில் எங்கள் பிள்ளைகளை இன்னும் அதிகம் பார்க்க முடியவில்லை.

வாங்கல் விற்றலில் அன்றும் இன்றும் விசித்திரமாக ஒத்துப்போகிற ஒன்று உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்த கார்களையே தட்டி ஒட்டி ஓட்டினோம். நடுவில் ‘ஸ்ரீ’ எழுத்துப் போட்ட தகட்டோடு ஒரு மொரிஸ் மைனர் எத்தனை கை மாறியதோ. பிறகு ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்கள் வரிசையாக வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்றது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்தும் இந்தக் காருக்குப் பயனில்லை. இறக்குமதிக்கு வயது வரம்பு இருப்பதால் 1990களின் இம்ப்ரெசா இனிச் சாதாரண வழியில் கப்பலேறி வராது. நாட்டுக்குள் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான், அதிலும் வருடா வருடம் சில வளைவுகளில் போய்விடுகின்றன. ஏ40 பழசாகப் பழசாக விலை இறங்கியது. இது பழசாகப் பழசாக ஏறுகிறது. விளம்பரங்களில் தொகையே போடுவதில்லை, கதைத்து முடிக்கலாம் என்றுதான் எழுதுகிறார்கள்.

எரிபொருளையும் சொல்லவேண்டும். இந்த எஞ்சின் ஒக்டேன் 92 பெட்ரோலில் முரண்டு பிடிக்கும், 95தான் வேண்டும். பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஜூன் கடைசியில், ஒக்டேன் 95 ஒரு லீட்டர் 550 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். கொழுந்து பறிக்கிற ஒரு தாயின் முழுநாள் உழைப்பு இரண்டு லீட்டருக்குப் போதாது. எரிபொருளைப் பங்கிடக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீட்டர் என்றார்கள். ஏற்றத்தில் லீட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்வரவும், கொஞ்சம் ஆசைக்கும். அந்த நாட்களில் பலர் இவ்வகைக் கார்களை மூடிவைத்தார்கள், சிலர் விற்றார்கள். கையில் காசோடு வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று இப்போது தெரிகிறது.

பத்து மணிக்குத் திரும்பிப் போனோம். பொனட் குளிர்ந்திருந்தது. பையன் முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தான். பால் நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலக்கிறது என்று அர்த்தம். படியவில்லை. பிறகு ஸ்டார்ட். குதிரைக் குளம்பு மாதிரித் தட்டிப் புரளும் அந்த எஞ்சினின் தனிச் சத்தம். சைலன்சரில் நீலப் புகை ஒரு கொத்து எழுந்து கலைந்தது. “டர்போவுல எண்ணெய் கசியுது” என்றான், மாமாவுக்கு மட்டும் கேட்கிற குரலில். டயர்களைக் குனிந்து பார்த்தான். மூன்று ஒரே கம்பெனி, முன் வலது மட்டும் வேறு, புதிது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு டயர் மட்டும் உயரம் வித்தியாசப்பட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் அரைபட்டுச் சூடேறிக் கெடும். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி, தகடு ஒட்டிய வெல்டிங் கோட்டை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனான். அது கம்பெனிக் கோடுதான். வெட்டி ஒட்டிய வண்டி இல்லை.

கடைசியில் புத்தகத்தை வாங்கினான். சேசிஸ் எண் ஜி.சி.8 என்று தொடங்குகிறது, சரி. எஞ்சின் எண் சரியில்லை. பாதியாக வெட்டி இறக்கிய ‘ஹாஃப் கட்’ வண்டி ஒன்றிலிருந்து வேறு எஞ்சின் ஏற்றி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். விற்கிறவருக்கே தெரியாதாம், அவர் வாங்கும்போதே அப்படியாம். பொய்யென்று சொல்ல முடியாது. ஆறு கை மாறிய பொருளில் யார் எதை மறைத்தார் என்று யாருக்குத் தெரியும்? ஜப்பானிய ஏலத் தாள் ஒன்றைப் போனில் காட்டினார். அதில் இருந்த கிலோமீட்டரைவிட மீட்டரில் குறைவாக இருந்தது. பையன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

நான் மாமாவைப் பார்த்தேன். அன்று அவர் வாயிலிருந்து மூன்று வாக்கியத்தில் வந்ததை வாங்க இன்று மூன்று மணி நேரம், ஒரு உள்ளங்கை. அந்த மூன்று வாக்கியத்துக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது. சொன்னவருக்குக் கிடைத்தது ஐந்து ரூபாய். அவர் அந்தக் காரை வாங்குவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, அவர் உட்பட. பழைய நம்பிக்கையை நினைத்து ஏங்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து ரூபாயும் நினைவுக்கு வருகிறது.

எஞ்சின் எண்ணைப் பதிவில் திருத்தித் தந்தால்தான் காசு என்று பையன் சொல்லிவிட்டான். சில வாரம் இழுத்தது. முடிந்ததும் விலையில் டர்போவுக்கும் டயருக்கும் கழித்துக்கொண்டு, அவனும் கூட்டாளி ஒருவனுமாகச் சேர்ந்து வாங்கினார்கள். கொண்டுவரும் நாளில் நாங்களும் போனோம். டிக்கியில் ஐந்து லீட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை வைத்தான். இருபத்தைந்து வருடத்து ரேடியேட்டர், மாற்றும்வரை நம்ப முடியாது என்றான்.

நானுஓயாவில் ரதல்ல குறுக்குப் பாதைக்குத் திரும்பவில்லை. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் உயிர் போன இறக்கம் அது. பெரிய ரோட்டிலேயே தலவாக்கலை வழியாக, இருக்கிற பலத்தில் பாதியைக்கூடக் கேட்காமல் ஓட்டினான். மாமா முன் சீட்டில் இருந்தார். ஒரு தடவைகூட ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, வலது கால் மட்டும் அவ்வப்போது இல்லாத பிரேக்கை மிதித்தது.

சென்கிளேயர் தாண்டிய ஒரு வளைவில் மாமா, “நிறுத்து, பீலி இருக்கு” என்றார். சூட்டு முள் நடுவிலேயே நின்றது, தேவையில்லைதான். பையன் ஓரங்கட்டினான். எஞ்சினை உடனே அணைக்கவில்லை, டர்போ ஆறவேண்டும். மாமா இறங்கி டிக்கியைத் திறக்கச் சொல்லிக் கேனை எடுத்துக்கொண்டு போனார். கல்லிலிருந்து மூங்கில் பீலி போய் பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தது. கேன் நிரம்பும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.