காயமும் கணக்கும்

2025 ஐபிஎல் தொடரின் நடுவே, ஏப்ரல் 18 அன்று, தமிழகத்தைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயத்தால் விலகியதாக அறிவித்த சென்னை சூப்பர் கிங்ஸ், தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸை மாற்று வீரராகச் சேர்த்தது. ஏலத்தில் பிரெவிஸின் அடிப்படை விலை ரூ.75 லட்சம். அந்த விலைக்கும் அவரை யாரும் வாங்கவில்லை. ஆனால், சென்னை அணி பேசிய தொகை ரூ.2.2 கோடி. குர்ஜப்னீத் ஏலம் போன தொகையும் அதுவே.

அந்த ஆண்டு ஆகஸ்டில், இந்த ஒப்பந்தம் குறித்து அஸ்வின் தமது யூடியூப் அலைவரிசையில் கூறிய கருத்து சர்ச்சையானது. ஐபிஎல் விதிகளுக்கு உட்பட்டே அவரைச் சேர்த்ததாக அணி நிர்வாகம் விளக்கம் அளித்தது. சர்ச்சை ஓய்ந்துவிட்டது. ஆனால், அதன் அடியில் இருந்த பொருளாதாரக் கேள்வி அப்படியே நிற்கிறது: ஒரு வீரர் காயமடைந்தால் அவருக்காக ஒதுக்கப்பட்ட பணம் என்ன ஆகிறது?

ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகச் செலவிடும் தொகைக்கு ஐபிஎல் உச்சவரம்பு விதித்துள்ளது. 2008-இல் 50 லட்சம் டாலராக இருந்த ஏலத் தொகை, 2025-இல் ரூ.120 கோடியாக உயர்ந்தது. பணக்கார அணி நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பதே இதன் நோக்கம். காயம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. காயமடைந்தவரின் ஊதியம் வரம்புக்குள் இருந்துகொண்டே இருக்கும். களத்திலோ அவர் இருக்க மாட்டார். மாற்று வீரரின் ஊதியத்தையும் வரம்புக்குள் சேர்த்தால், அணி ஒரே இடத்துக்கு இருமுறை விலை கொடுக்க நேரிடும். சேர்க்காவிட்டால், பொய்க் காயத்துக்குக் கதவு திறந்ததாகிவிடும்.

ஐபிஎல் இதற்கு நடுவழி ஒன்றைக் கண்டுள்ளது. மாற்று வீரரின் ஊதியம் அந்தப் பருவத்தின் உச்சவரம்பில் சேராது. அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் சேரும். விலகியவரின் தொகையைவிட அதிகமாக அவருக்குத் தரக் கூடாது. தொடரின் நடுவில் வந்தால், அதற்கு முன் முடிந்த ஆட்டங்களுக்கு ஏற்ப ஊதியம் குறைக்கப்படும். பிரெவிஸ் வந்தபோது சென்னை அணி 14 லீக் ஆட்டங்களில் 7 ஆடி முடித்திருந்தது. எனவே, ரூ.2.2 கோடி என்பது அவர் முழுமையாகப் பெறும் தொகையன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது, விலகியவர் அதே பருவத்தில் திரும்பி வர முடியாது என்ற விதி.

இந்த விதியின் அருமை வட அமெரிக்கப் பனித்தரை ஹாக்கியைப் பார்த்தால் விளங்கும். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் ஒருவர் நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்தால், அவரது ஊதிய அளவுக்கு அணி முன்பு வரம்பைத் தாண்ட முடிந்தது. 2020-21 பருவத்தில் டாம்பா பே அணியின் நட்சத்திரம் நிகிதா குச்சரோவ், இடுப்பு அறுவை சிகிச்சையால் 56 லீக் ஆட்டங்களிலும் ஆடவில்லை. அவரது கணக்கில் இருந்த 95 லட்சம் டாலருக்கு ஈடாக அணி மற்றவர்களை வைத்துக்கொண்டது. வரம்பு கணக்கில் கொள்ளப்படாத இறுதிச் சுற்று தொடங்கிய அன்றே அவர் களமிறங்கினார், கோப்பையும் வந்தது. விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால், விதியின் நோக்கம் தோற்றது. 2025-26 பருவம் முதல் இறுதிச் சுற்றுக்கும் வரம்பு உண்டு என லீக் விதியைத் திருத்திய பிறகே அந்த ஓட்டை அடைபட்டது.

ஐபிஎல் விதியின் கீழும் அணிக்கு ஆதாயம் கிடைப்பதுண்டு. 2022-இல் ரூ.1.9 கோடிக்கு வாங்கப்பட்ட ஆடம் மில்ன் காயமடைந்தபோது, சென்னை அணி ரூ.20 லட்சத்துக்கு இலங்கையின் மதீஷ பத்திரனவைச் சேர்த்தது. அவர் 2023 கோப்பை வெற்றியில் பெரும்பங்கு வகித்தார், 2025-க்கு ரூ.13 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். இழப்பும் உண்டு. 2025-இல் ரூ.18 கோடி மதிப்புள்ள கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலகினார். விதிப்படி ரூ.18 கோடி வரை செலவிட்டிருக்கலாம். ஆனால், அந்தப் பணத்துக்கு வாங்க யார் இருந்தார்கள்? ஏலத்தில் விலைபோகாதவர்களே மிச்சம். ரூ.30 லட்சத்துக்கு ஆயுஷ் மாத்ரே வந்தார், நன்றாகவும் ஆடினார். இருந்தும், சென்னை அணி கடைசி இடத்தில் முடித்தது. வரம்பில் இடம் இருந்தால் மட்டும் போதாது, சந்தையில் சரக்கும் இருக்க வேண்டும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம்.

இதுவரை சொன்னதெல்லாம் அணியின் கணக்கு. காயமடைந்தவரின் கணக்கு என்ன? 2022-இல் ரூ.14 கோடிக்கு ஏலம் போன தீபக் சாஹர், அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கிரிக்கெட் வாரியத்தின் மத்திய ஒப்பந்தத்தில் அப்போது இருந்த அவரைப் போன்றோருக்கு வாரியத்தின் காப்பீடு கைகொடுக்கும். அந்த ஒப்பந்தம் இல்லாத உள்ளூர் வீரர், தொடர் தொடங்கும் முன்பே காயமடைந்து வீட்டில் படுத்தால், அணி அவருக்கு ஊதியம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இடரைத் தாங்கும் வலு உள்ளவருக்குக் காப்பீடு. வலு இல்லாதவருக்கு விதி. வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் நடத்திய காப்பீட்டுப் பாடத்துக்கு இது நேர் எதிரானது.

நான் வசிக்கும் வடபழனி, ஸ்டுடியோக்களால் பெயர் பெற்ற பகுதி. கதாநாயகனுக்காக மாடியிலிருந்து குதிக்கும் சண்டைக் கலைஞர்கள் பலரை இங்குள்ள தெருக்களில் காணலாம். உடம்பே முதலீடாக உள்ளவருக்கு ஒரு முறிவு என்பது ஒரு தொழிற்சாலை மூடப்படுவதற்குச் சமம். படத்துக்கு வேறொருவர் கிடைத்துவிடுவார். விழுந்தவருக்கு வேறு உடம்பு கிடைக்காது. இருபது வயது வேகப்பந்து வீச்சாளரின் முதுகும் அத்தகையதே.

அணிகள் காயத்தால் நிலைகுலையாமல் இருக்க ஐபிஎல் செய்துள்ள ஏற்பாடு, குறைகள் இருந்தாலும், அறிவார்ந்த ஏற்பாடு. அதே அக்கறை ஏலத்தில் எடுக்கப்படும் ஒவ்வோர் உள்ளூர் வீரர்மீதும் காட்டப்பட வேண்டும். மத்திய ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏலத் தொகையில் ஒரு பங்கையாவது காக்கும் பொதுக் காப்பீடு தேவை. அதற்கான தவணையை உச்சவரம்புக்கு வெளியே வைத்தால் எந்த அணிக்கும் பாதகம் இல்லை. மாற்று வீரரின் ஊதியத்தை வரம்புக்கு வெளியே வைக்க முடிந்தவர்களுக்கு, இது முடியாத காரியமா?