காலி பாட்டிலும் கல்லாவுக்குக் காசு தரும்

மளிகைக் கடையின் பின்கட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, காலி பாட்டில்கள் நிச்சயம் இருக்கும். தேன் பாட்டில், ஊறுகாய் ஜாடி, சர்பத் பாட்டில் எனச் சேர்ந்ததையெல்லாம் கோணியில் கட்டிப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். கைக்கு வருவது டீச் செலவுக்கே சரியாகிவிடும். அதே பாட்டிலுக்கு வண்ணம் பூசி, சணல் சுற்றி, உள்ளே சிறு விளக்குச் சரம் வைத்தால் பரிசுப் பொருளாகி நல்ல விலைக்குப் போகிறது. இடையில் சேர்ந்தது கொஞ்சம் கைவேலைதான்.

காலி பாட்டிலுக்கு மதிப்பு உண்டு என்பதை அரசே உணர்த்தியிருக்கிறது. 2022-ல் நீலகிரி மாவட்ட மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. காட்டிலும் வயலிலும் உடைந்து கிடந்த கண்ணாடிதான் அதற்குக் காரணம்.

லேபிளோடு போடாதீர்கள்

லேபிளும் மூடியும் கெடாத காலி பாட்டில் போலிச் சரக்குக்காரருக்கு வரப்பிரசாதம். பாகு கலந்த தேனும் கலப்பட எண்ணெயும் அதில் புகுந்து, மலிவு விலையில் மறுபடி நம் கடைக்கே வரலாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, தவறான விவரமிட்ட உணவை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே எடைக்குப் போடும் பாட்டிலிலும் லேபிளைக் கிழித்துவிட வேண்டும். பாட்டில் பூச்சாடியாக மாறிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

செய்முறை

சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் லேபிள் கழன்றுவிடும். மிஞ்சிய பசையில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. தலைகீழாகக் கவிழ்த்து நன்கு உலர்த்திய பின் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் இரண்டு பூச்சு. பெயிண்ட் வேண்டாமென்றால் ஃபெவிகால் தடவிச் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றலாம். நிறமில்லாத பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வளர்க்கலாம். டெங்கு கொசு முட்டையிடாமலிருக்க வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பின்கட்டில் சேர்த்துவைக்கும் பாட்டில்களையும் மழைநீர் தேங்காமல் கவிழ்த்தே வையுங்கள்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்திப் பாட்டிலை வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம். சூடு சமமாகப் பரவாமல் தாறுமாறாக வெடிக்கும். குறுகிய பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் கண்ணாடி விரிசல் விடும்; பேட்டரி விளக்குச் சரமே நல்லது. பூச்சிமருந்து, அமிலம் இருந்த பாட்டில்களைத் தொடாதீர்கள். வண்ணம் பூசிய பாட்டிலைத் தண்ணீர் குடிக்கவோ ஊறுகாய் போடவோ விற்கக் கூடாது. சோடாக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டிய கோலி சோடா பாட்டில் நம்முடையது அல்ல. அதிலும் கை வைக்கக் கூடாது.

விற்பனை

கடைக்காரருக்குக் கைவேலைக்கு நேரம் ஏது? ஊரிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கழுவிய பாட்டில்களைக் கொடுங்கள். அவர்கள் செய்து தருவதை, விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி என்ற பேச்சில் கடையில் வையுங்கள். இரு தரப்புக்கும் முதல் முடங்காது. பெயிண்ட், கயிறு, விளக்கு, உடைசல், அவர்கள் கூலி எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகே உங்கள் லாபத்தை வையுங்கள். கூலியைக் கணக்கில் விட்டால் இரண்டாம் மாதமே சரக்கு வராது.

நவராத்திரிக் கொலுவுக்கு வருவோருக்குத் தாம்பூலத்துடன் கொடுக்க, தீபாவளிப் பரிசுக்கு, புதுமனை புகுவிழாவுக்கு இவை ஏற்றவை. முதலில் பத்து உருப்படி மட்டும் கல்லா அருகே, கண்ணில் படும்படி வைத்துப் பாருங்கள். எது நகர்கிறது என்று வாடிக்கையாளரே சொல்லிவிடுவார். அதன்பின் பெருக்கலாம்.

மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் 1,500 டிகிரி வெப்பத்தில் உருகிப் பிறந்தது கண்ணாடி. அவ்வளவு எரிபொருள் செலவில் வந்த பொருளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பலாமா? இன்றே பின்கட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.