பாட்டியின் 'தாதர்'

தாதரில் வாழும் நம்மவர் இல்லங்களில் முதியோர் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கால், முதலெழுத்தைத் 'தண்ணீர்' என்பதிற்போல வன்மையாகவும், அடுத்ததை மென்மையாகவும் ஒலிப்பர். இங்கே பிறந்த பிள்ளைகளோ மராத்தியரைப் போல் முதலிலேயே குரல் அதிர ஒலிப்பர். பாட்டியைக் கண்டு நகைப்பதும் உண்டு. மொழியியல் தொடக்கத் தேர்வுக்குப் படிப்போர் அந்நகைப்பை முதலில் விடுத்தல் நன்று. பாட்டி பிழை செய்யவில்லை. தமிழின் ஒலிமுறையை வழுவாது பின்பற்றுகிறார்.

ஒலி பிறக்கும் விதத்தை ஆராய்வது ஒலியியல். பொருளை வேறுபடுத்தும் ஒலிகள் எவை என்று காண்பது ஒலியனியல். முன்னதற்கு மூன்று வினாக்கள் போதும்: எவ்விடத்தில் பிறக்கிறது, எவ்வாறு பிறக்கிறது, குரல் அதிர்கிறதா? தொண்டையில் விரல் வைத்து 'ஸ்' என்றும் 'ம்' என்றும் நீட்டிப் பார்த்தால் அதிர்வு விளங்கும். 1886இல் பாரிசில் தோன்றிய அனைத்துலக ஒலியியல் கழகத்தின் குறிகளை மனப்பாடம் செய்து மலைப்போர், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலையும் ஒருமுறை படிக்கலாம். நாவும் அண்ணமும் இதழும் பல்லும் செய்யும் தொழில் அங்கே தெளிவாகவே கூறப்பட்டுள்ளது.

இடர்ப்படுத்துவது ஒலியனியலே. 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகியவற்றில் ககரம் மூவகையாய் ஒலிக்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வராது; ஆகவே அவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். மராத்தியிலோ காலத்தைக் குறிக்கும் சொல் வல்லொலியிலும், சேற்று வண்டலைக் குறிக்கும் சொல் அதிரொலியிலும் தொடங்கும், எஞ்சியவை ஒன்றே. இரண்டையும் நாம் 'காள்' என்றுதான் எழுத முடியும்! அங்கே அவை இரண்டு ஒலியன்கள். (தமிழிலும் வடசொற்கள் புகுந்தபின் இக்கணக்குச் சிறிது குழம்பிற்று. பழியைக் குறிக்கும் 'பாவம்', நடனத்தின் 'பாவம்' இரண்டையும் ஒலித்துப் பார்க்க.) இரு மொழியும் செவியில் விழ வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு ஏட்டுப் படிப்பன்று. தாதரிலிருந்து சாந்தாக்ரூஸ் வரை மின்வண்டியில் செல்வோர், வழியிலுள்ள மாஹிம், பாந்த்ரா முதலிய பெயர்களை வீட்டார் சொல்லும் விதத்திலும் அயலார் சொல்லும் விதத்திலும் குறித்துப் பழகலாம்.

வினா ழகரத்தைப் பற்றியும் வரக்கூடும். லகர ளகர வேறுபாடு மராத்தியிலும் உண்டு, ழகரம் அங்கில்லை. 'வால்', 'வாள்', 'வாழ்' மூன்றும் தமிழில் வெவ்வேறு சொற்கள். இம்மூன்றையும் பிரித்து ஒலிக்க இயலாத பிள்ளை, தேர்வில் விடை எழுதினாலும் வீட்டில் தடுமாறும். பாட்டியை 'வாழைப்பழம்' என்று மெல்லச் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். நாநுனி மேல்நோக்கி வளைகிறது, அண்ணத்தை நெருங்கியும் தொடவில்லை, காற்றுத் தடையின்றிச் செல்கிறது, குரல் அதிர்கிறது. இதனையே தாளில் எழுதலாம்.