இருபது விழுந்தால் மதில் தாண்டலாமா?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கிய கற்பனை விளையாட்டு. கதை நடத்துபவரே நடுவர். ஆரம்பாக்கத்தில் எங்கள் அறையில் அந்த வேலை எனக்கு!

நண்பன் ஒருவன் இருபது முகப் பகடையை உருட்டினான். இருபது! "மதிலைத் தாண்டிட்டேன்டா" என்று குதித்தான். 2014 பதிப்பின்படி, இருபது விழுந்தால் கட்டாய வெற்றி என்பது தாக்குதலுக்கு. மதில் ஏற, பகடையோடு திறமை எண்ணைக் கூட்டி நடுவர் வைத்த இலக்கைத் தொடணும். என் இலக்கு 25, அவனுக்கு 22. "முடியாது" என்றேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை.

யோசித்தால் தப்பு என்னுடையது. இருபதிலும் முடியாதென்றால் எதற்கு உருட்டச் சொன்னேன்? முடிவு சந்தேகமாயிருந்தால்தான் பகடை. இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். மதில் அப்படியே இருந்தது. "கயிறு கிடைக்குமாடா?" என்றான்.